ஏழையின் மாவும் பாவநிவாரண பலியும்

வணக்கம். இரத்தமின்றி மன்னிப்பில்லை என்றால், பைபிளின் பலிச் சட்டங்களைக் கூறும் லேவியராகமம் 5:11 ஏழையின் மாவைப் பாவநிவாரண பலியாக எப்படி ஏற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஆட்டுக்கோ இரண்டு புறாக்களுக்கோ வசதியற்றவன் எண்ணெயும் தூபவர்க்கமும் சேர்க்காமல் எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவைக் கொண்டுவர, ஆசாரியன் அதில் ஒரு கைப்பிடியைப் பலிபீடத்தில் எரித்ததும் அவனுக்கு மன்னிப்பு உண்டாகிறது. ஆகவே விலங்கின் சாவைத் தண்டனைக்கு ஈடாகக் காட்டும் விளக்கம் இங்கே பொருந்தவில்லை. இரத்தமே பாவநிவிர்த்தி செய்கிறது என்று சொல்லும் லேவியராகமம் 17:11 வசனமோ, இரத்தம் உண்பதைத் தடுக்கும் சட்டத்தின் நடுவில் வருகிறது. 16ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியன் இரத்தத்தைத் தெளிப்பது, மக்களின் தீட்டு படிந்த பரிசுத்த ஸ்தலத்தைச் சுத்திகரிப்பதற்காக. அவர்களின் அக்கிரமங்களைச் சுமக்கும் போக்காடோ உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது, விலங்கின் சாவு தண்டனைக்கு ஈடல்ல என்பதற்கு இதையே நான் வலுவான சான்றாகக் கருதுகிறேன். துணிகரமாகச் செய்த பாவத்துக்கு, எண்ணாகமம் 15:30 எந்தப் பலியையும் குறிப்பிடவில்லை.