பின்பலகை இற்ற படகு: விற்பவரே சரிசெய்து தரட்டுமா, விலையில் கழிப்பதா?

கேள்வி: ஐயா, தரங்கம்பாடியில் 28 அடி ஃபைபர் படகு ஒன்றை அவுட்போர்டு எஞ்சினோடு 2,60,000 ரூபாய்க்குப் பேசி, 20,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் மெக்கானிக்கிடம் காட்டினேன். எஞ்சின் மாட்டும் பின்பலகை உள்ளே இற்றிருக்கிறது, கியர் ஆயில் வெளுத்திருக்கிறது என்கிறார். விற்பவரோ, "நானே சரிசெய்து தருகிறேன்" என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கைமாறப்போகும் படகுக்கு யாரும் மனம்வந்து செலவு செய்ய மாட்டார்கள். என் மாமா இப்படித்தான் நம்பினார். இற்ற பலகைமேல் புட்டி வைத்து, புதுப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். பத்தாம் நாள் கடலில் எஞ்சினை முறுக்கியபோது பலகையே ஆடியது.

விற்பவரை அருகில் நிறுத்தி, ஐந்து ரூபாய் நாணயத்தால் பலகையைத் தட்டிக் காட்டுங்கள். நல்ல இடத்தில் 'டங்' என்று கேட்கும், இற்ற இடத்தில் 'பொத்'. அதற்குமேல் வாதாடவே வேண்டாம். ஃபைபர் வேலைக்காரரிடம் செலவை எழுதி வாங்குங்கள். 30,000 என்று எழுதினால் 40,000 கேளுங்கள். ஈரம் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பது அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கியர் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். சீல் மட்டும் போயிருந்தால் சின்னச் செலவுதான். பேரிங்கும் பல்சக்கரமும் துருப்பிடித்திருந்தால் கணக்கே மாறிவிடும். அதனால் விலையை முடிப்பதற்கு முன்பே கழற்றிப் பார்த்துவிடுங்கள். கழற்றும் கூலியை நீங்களே கொடுங்கள், தப்பில்லை.

வெளுத்த பெயிண்ட், பழைய கயிறு இதையெல்லாம் இழுக்காதீர்கள். பழைய படகு என்றுதானே இந்த விலை? சின்ன விஷயத்துக்கெல்லாம் மல்லுக்கு நின்றால் மனுஷன் முறுக்கிக்கொள்வார், பெரிய பழுது பேச்சிலேயே அடிபட்டுப்போகும்.

அவர்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தால், 60,000 ரூபாயை நிறுத்திவையுங்கள். பலகை திறந்திருக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டும், வேலை முடிந்து கடலில் ஓட்டிப் பார்த்த பிறகே மீதி. இதையும், விலை படியாவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்பதையும் இன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பழுதைவிட எனக்குக் கவலை வேறு. அந்தப் படகின் பேரில் மீன் வியாபாரி யாரிடமாவது கடன் இருக்கிறதா? இருந்தால் நீங்கள் பிடிக்கிற மீனுக்கு அவர் வந்து நிற்பார். கரையில் நாலு பேரிடம் விசாரியுங்கள். பதிவு எண் விற்பவர் பெயரில்தான் இருக்கிறதா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். பெயர் மாறாவிட்டால் மானிய எரிபொருள் வாங்கப் போகும்போது சிக்கல் வரும். பெயர் மாற்ற மனுவில் அவர் கையெழுத்துப் போட்ட பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.