ஃபெரட் தத்தெடுக்க எங்கே போனால் எவ்வளவு ஆகும்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். ஃபெரட் (கீரிபோல் நீண்ட உடல் கொண்ட சின்ன வளர்ப்புப் பிராணி) ஒன்று வளர்க்க ஆசை. கடையில் ஒரு விலை, பிரீடரிடம் (இனப்பெருக்கம் செய்து குட்டி விற்பவரிடம்) ஒரு விலை, காப்பகத்தில் ஒரு விலை, இணைய விளம்பரத்தில் சும்மாவே தருகிறார்கள். எங்கே எடுத்தால் செலவு குறைவு?

பதில்:

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாம் தோராயம், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். காப்பகத்தில் ஒன்றுக்கு 75 முதல் 250 டாலர். பெட் ஷாப்பில் 150 முதல் 350. பிரீடரிடம் 150 முதல் 500. விளம்பரம் பார்த்துத் தனியாரிடம் எடுத்தால் இலவசத்தில் தொடங்கி 200 வரை, பெரும்பாலும் கூண்டும் சேர்த்தே.

இந்த வரிசையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் கணக்கு உதைக்கும். ஃபெரட்டுக்குக் கட்டாயம் செய்தாக வேண்டிய வேலைகள் சில உண்டு: கருத்தடை, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கான ஊசி, ரேபிஸ் (வெறிநோய்) ஊசி, ஒரு முழு உடல் பரிசோதனை. இவற்றில் எதெல்லாம் ஏற்கெனவே முடிந்திருக்கிறது என்று பாருங்கள். முடியாதது எல்லாம் உங்கள் தலையில்தான் விழும், அதுவும் சாதாரண நாய், பூனை டாக்டரிடம் இல்லை, எக்ஸாட்டிக் விலங்குகள் பார்ப்பவரிடம். அவரை ஒரு தடவை பார்க்கவே 75 முதல் 150 டாலர் வரை ஆகும்.

பணத்தை எண்ணுவதற்கு முன்னால் ஒன்று. கலிஃபோர்னியாவிலும் ஹவாயிலும் ஃபெரட் வளர்ப்பது சட்டவிரோதம். நியூயார்க் மாநிலத்தில் வளர்க்கலாம், நியூயார்க் நகருக்குள் 1999 முதல் தடை. வேறு சில இடங்களில் பெர்மிட் கேட்பார்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தையும் ஒரு முறை படித்துவிடுங்கள். 'பூனை வைத்துக்கொள்ளலாம்' என்று எழுதியிருந்தால் அதில் ஃபெரட் அடங்காது.

கடைக் குட்டி

பெரிய சங்கிலிக் கடைகளில் கிடைக்கும் குட்டிகள் பெரும்பாலும் மார்ஷல் என்ற பெரிய ஃபெரட் பண்ணையிலிருந்து வருபவை. வலது காதை லேசாக மடக்கிப் பாருங்கள், பச்சை குத்தியதுபோல் இரண்டு சின்னப் புள்ளிகள் இருக்கும். ஒன்று கருத்தடை ஆகிவிட்டது என்பதற்கு, இன்னொன்று ஆசனவாய் அருகிலுள்ள வாசனைச் சுரப்பியை எடுத்தாகிவிட்டது என்பதற்கு. ஆக, இரண்டு அறுவைச் சிகிச்சையின் செலவு அந்த விலைக்குள்ளேயே இருக்கிறது. கடையில் வாங்குவதில் உங்களுக்குள்ள பெரிய லாபம் இதுதான். (வாசனைச் சுரப்பியை எடுத்தாலும் ஃபெரட்டின் உடல் வாடை போகாது. அது தோலிலிருந்து வருவது. வாரா வாரம் குளிப்பாட்டினால் தோல் காய்ந்து எண்ணெய் இன்னும் அதிகமாகச் சுரந்து வாடை கூடத்தான் செய்யும்.)

தடுப்பூசி விஷயத்தில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். 'ஊசி போட்டாச்சு' என்று கடையில் சொன்னால், அது பெரும்பாலும் டிஸ்டெம்பரின் முதல் தவணை மட்டும். குட்டிக்கு 8, 11, 14 வாரங்களில் மூன்று தவணை தேவை. ரேபிஸ் ஊசி 12 வாரம் ஆன பிறகு, டிஸ்டெம்பரோடு ஒரே நாளில் போடாமல் தனியாகப் போடுவது நல்லது. ஊசி ஒவ்வாமை ஃபெரட்டுகளில் கொஞ்சம் அதிகம். இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஏதாவது ஆகிவிட்டால் எது காரணம் என்று தெரியாது. போட்ட பிறகு அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்காருங்கள். வாந்தி, ரத்தபேதி, மூக்கும் ஈறும் வெளிறுவது எல்லாம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும். அதற்காக டிஸ்டெம்பர் ஊசியைத் தவிர்க்கலாமா என்றால், கூடவே கூடாது. அந்த நோய் வந்த ஃபெரட் ஏறக்குறைய பிழைப்பதே இல்லை.

எனவே கடைக் குட்டிக்கு இப்படிக் கணக்குப் போடுங்கள்: குட்டி 250, முதல் பரிசோதனை 90, மீதி இரண்டு டிஸ்டெம்பர் தவணை 80, ரேபிஸ் 30, மலப் பரிசோதனை 35. கூட்டினால் 485. கூண்டு இன்னும் வாங்கவில்லை.

விலைப் பட்டியலில் நிறத்துக்கு என்று தனியாகப் பணம் கேட்டால் கவனம். நெற்றியிலிருந்து கழுத்து வரை வெள்ளைப் பட்டை ஓடும் 'பிளேஸ்', தலை முழுக்க வெள்ளையாக இருக்கும் 'பாண்டா' வகைக் குட்டிகள் பார்க்க அழகு, விலையும் கூட. அந்த வெள்ளைக்குப் பின்னால் வார்டன்பர்க் என்ற மரபணுக் குறைபாடு இருக்கலாம், அப்படிப்பட்டவற்றில் பலவற்றுக்குக் காது கேட்காது. குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது பின்னாலிருந்து கீச்சென்று கத்தும் பொம்மையை அழுத்திப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் புரிந்துகொள்ளலாம். காது கேளாத ஃபெரட்டை நன்றாகவே வளர்க்கலாம், ஆனால் குறையோடு வருவதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

பிரீடர்

நல்ல பிரீடரிடம் குட்டி உடனே கிடைக்காது. வசந்தத்தில் ஈனும், 8 முதல் 12 வாரம் கழித்துத் தருவார்கள், அதற்கும் முன்பணம் கட்டிப் பெயர் எழுதி வைக்க வேண்டும். தாய், தந்தை இரண்டையும் பார்க்கலாம், பரம்பரையில் என்ன நோய் வந்தது என்று கேட்கலாம், பிறகு உங்களால் முடியவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தத்திலேயே எழுதித் தருவார்கள். அந்த வரி இல்லாத ஒப்பந்தத்துக்குப் பெரிதாக மதிப்பில்லை.

இங்கே மறைந்திருக்கும் செலவு கருத்தடை. பிரீடர் குட்டி பெரும்பாலும் கருத்தடை ஆகாமல்தான் வரும். ஆண் என்றால் வாடையும் மூத்திரம் தெளிப்பதும்தான் தொல்லை. பெண் என்றால் உயிருக்கே ஆபத்து. பருவத்துக்கு வந்த பெண் ஃபெரட் இணை சேராவிட்டால் பருவம் தானாக அடங்காது. வாரக்கணக்கில் ஈஸ்ட்ரோஜன் ஏறிக்கொண்டே போய் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும், ரத்தசோகையில் செத்துப்போகும். 'கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கலாம்' என்பதே இதில் கிடையாது. அறுவைச் சிகிச்சைக்கு 200 முதல் 400 டாலர் ஒதுக்கி வையுங்கள், அல்லது தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் இம்ப்ளான்ட் (பாலின ஹார்மோனை அடக்கும் மருந்து) பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

காப்பகம்

செலவுக் கணக்கில் என் ஓட்டு இதற்குத்தான். ஃபெரட்டுக்கென்றே தனியாக நடக்கும் காப்பகங்கள் பல மாநிலங்களில் இருக்கின்றன. கட்டணம் 100 டாலர் என்றால், அதில் கருத்தடை, அந்த வருடத்து இரண்டு ஊசி, காதுப் பேன் சிகிச்சை, டாக்டர் பரிசோதனை எல்லாம் முடிந்திருக்கும். இதையே நீங்கள் தனியாகச் செய்தால் 500-ஐத் தாண்டும். கடிக்குமா, மனிதர்களோடு எப்படி, மற்ற ஃபெரட்டோடு ஒத்துப்போகுமா என்பது அங்கே வேலை செய்பவர்களுக்கு மாதக்கணக்கில் பார்த்துத் தெரிந்திருக்கும். எட்டு வாரக் குட்டியிடம் இது எதுவும் தெரியாது, எல்லாக் குட்டியும் கடிக்கும்.

இரண்டு கேள்வி கேளுங்கள். அலூஷியன் நோய் என்ற தொற்றுநோயின் வைரஸுக்கு ரத்தப் பரிசோதனை செய்தீர்களா? இதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை, வீட்டில் வேறு ஃபெரட் இருந்தால் அதற்கும் தொற்றும். வயது என்ன? இங்கேதான் காப்பகத்தின் பலவீனம். அங்கே இருப்பவற்றில் நிறைய மூன்று, நான்கு வயதைத் தாண்டியவை, ஃபெரட்டின் ஆயுளே சுமார் 5 முதல் 8 வருடம். பழகிப்போன ஜோடியைப் பிரித்துத் தரமாட்டார்கள். இரண்டையும் எடுத்தால் கட்டணத்தில் தள்ளுபடி கிடைக்கும், ஆனால் மருத்துவச் செலவு அப்படியே இரண்டு மடங்கு.

இலவச விளம்பரம்

'கூண்டோடு இலவசம், நல்ல வீடு தேவை.' இதில் நல்லதும் உண்டு. வீடு மாறுகிறார்கள், குழந்தைக்கு ஒவ்வாமை. தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இருந்தால், பார்த்துவந்த கிளினிக்கின் பெயரைச் சொன்னால், மைக்ரோசிப்பை (தோலுக்கடியில் இருக்கும் அடையாளச் சில்லு) உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சம்மதித்தால் தாராளமாக எடுக்கலாம். எதுவுமே இல்லை, வயதும் 'மூணோ நாலோ' என்றால் அந்த இலவசம் முதல் மாதத்திலேயே 500 டாலரை விழுங்கும்.

நேரில் போனால் செய்ய வேண்டியது: கையில் தூக்கி, வால் தொடங்கும் இடத்தில் முடியை எதிர்ப்பக்கமாக வருடுங்கள். அங்கே முடி மெலிந்து தோல் தெரிந்தால் அட்ரினல் நோய் (சிறுநீரகத்துக்குப் பக்கத்திலுள்ள ஹார்மோன் சுரப்பியில் வருவது) என்று சந்தேகப்படலாம். கருத்தடை செய்த பெண்ணுக்குப் பிறப்புறுப்பு வீங்கியிருந்தாலும் அதேதான். காதுக்குள் பாருங்கள். செம்பழுப்பு மெழுகு இயல்பு, காப்பித்தூள் போல் கறுப்பாகப் பொருபொருவென்று இருந்தால் பேன். தரையில் விட்டு நடக்கவிடுங்கள், பின்னங்கால் தள்ளாடக் கூடாது. தூங்கிக்கொண்டிருந்தால் பதறாதீர்கள், செத்ததுபோல் துவண்டு தூங்குவது அதன் இயல்பு. எழுப்பி ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள்.

எங்கே எடுத்தாலும் வரும் செலவு

கூண்டு பல அடுக்கு, 150 முதல் 300 டாலர். கம்பி இடைவெளி 1 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சின்னக் குட்டி அதிலேயே நுழைந்து வெளியே வந்துவிடும், முதல் இரண்டு மாதம் கீழ்ப்பகுதியில் மெல்லிய வலை கட்டுங்கள். விளம்பரக்காரர் தரும் கூண்டு முயலுக்கானதாக இருக்கலாம், தரையில் கம்பி வலை இருந்தால் பாதம் புண்ணாகும். மலம் கழிக்கும் தொட்டியில் பூனைக்குப் போடும், ஈரம் பட்டால் கட்டியாகும் மணல் வேண்டாம், தேவதாரு மரத்தூளும் வேண்டாம். அழுத்திய காகித உருண்டைகள் போதும்.

ஃபெரட் முழு மாமிசப் பிராணி. சாப்பிட்டது மூன்று, நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும், அதனால் கிண்ணம் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். உலர் தீவனம் என்றால் புரதம் 35 சதவீதத்துக்கும் கொழுப்பு 18 சதவீதத்துக்கும் குறையக் கூடாது, பொருட்பட்டியலில் இறைச்சி முதலில் இருக்க வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள ஃபெரட் நாளைக்கு 45 கிராம் அளவில் சாப்பிடும், மாதம் ஒன்றே கால் கிலோவுக்குச் சற்றே மேல். தீவனச் செலவு பெரிதல்ல. கோடையில் ஏசி பில் அதைவிடக் கடிக்கும். 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஃபெரட் தாங்காது.

பணம் உண்மையில் கரைவது மூன்று இடத்தில். முதலாவது, ரப்பர். இரண்டு வயதுக்குள் இருப்பவை செருப்பு, ரிமோட் பட்டன், ஸ்பாஞ்ச் என்று கடித்து விழுங்கும், குடல் அடைத்தால் அறுவைச் சிகிச்சை 1,500 முதல் 3,000 டாலர். இரண்டாவது, நான் சொன்ன அட்ரினல் நோய். மிகச் சிறு வயதிலேயே கருத்தடை ஆனதால், தடுக்க ஆளில்லாத மூளை ஹார்மோன் அட்ரினல் சுரப்பியை வருடக்கணக்கில் தூண்டிக்கொண்டே இருக்கும். அதன் விளைவு மூன்று, நான்கு வயதில் தெரியும். 4.7 மில்லிகிராம் டெஸ்லோரெலின் இம்ப்ளான்ட் ஒன்று 150 முதல் 300 டாலர், ஏறக்குறைய ஒரு வருடம் தாங்கும், பிறகு மறுபடியும். ஆண் ஃபெரட் மூத்திரம் போக முக்கினால் காத்திருக்கக் கூடாது, புராஸ்டேட் வீங்கி வழி அடைத்திருக்கும், அன்றே ஓட வேண்டும். மூன்றாவது, கணையத்தில் வரும் இன்சுலினோமா கட்டி. சர்க்கரை இறங்கி, வெறித்துப் பார்க்கும், எச்சில் வடிய வாயைப் பிறாண்டும், பின்னங்கால் இழுக்கும். ஈறில் துளி தேன் தடவிவிட்டு டாக்டரிடம் தூக்கிப் போக வேண்டும். அதன் பிறகு ஆயுள் முழுக்க மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும். நோய் தெரிந்த பிறகு காப்பீடு எடுத்தால் இவை எதற்கும் பணம் வராது, அதனால் எடுப்பதாக இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்த வாரமே எடுங்கள். இல்லையென்றால் தனிக் கணக்கில் 1,500 டாலராவது கிடக்கட்டும்.

ஏற்கெனவே வீட்டில் ஒரு ஃபெரட் இருந்து இரண்டாவது எடுக்கிறீர்கள் என்றால் இன்னொரு செலவு உண்டு, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. புதிய குட்டி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பச்சையாகச் சளிபோல் பேதியாகும் ஒரு கொரோனா வைரஸ் குடல் நோயைச் சுமந்து வரலாம். குட்டிக்கு ஒன்றும் ஆகாது, வயதானதுதான் படுத்துவிடும். புதியதைக் குறைந்தது 14 நாள் வேறு அறையில், வேறு கூண்டில், வேறு கிண்ணத்தோடு வையுங்கள். முதலில் பழையதற்குச் சாப்பாடு, பிறகு புதியதற்கு, கையைக் கழுவி, சட்டையை மாற்றி. அந்த இரண்டாவது கூண்டைப் பழையதாக 50 டாலருக்குள் தேடிப் பிடிக்கலாம், ஆனால் ப்ளீச் கலந்த தண்ணீரில் நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.