ஒன்பதாவது படிக்கும் பையனுக்குக் கணக்கு வராததற்கு அவன் 'பார்த்துக் கற்கும் வகை' என்பதுதான் காரணமா?

கேரளத்தில் பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் மகனைப் பற்றி டியூஷனில் இப்படிச் சொன்னார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த முத்திரையை நம்ப வேண்டாம். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிரித்து நடத்தினால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008-லேயே எழுதிவிட்டார்கள்.

பார்க்க வேண்டியது வேறு. சிக்கலான படத்துக்குள்ளிருந்து வேண்டிய துண்டை மட்டும் பிரித்தெடுக்கச் சிலருக்கு வராது. உளவியலாளர் ஹெர்மன் விட்கின் இதைக் 'களச் சார்பு' என்றார். ஏபிசி முக்கோணத்தில் பிசிக்கு இணையாக டிஇ; டி ஏபி மீதும், இ ஏசி மீதும் இருக்கின்றன. ஏடி 2, டிபி 4, பிசி 9 செ.மீ. டிஇ எவ்வளவு? இந்தப் பிள்ளைகள் 2/4-ஐ 9-ஆல் பெருக்கி 4.5 என்பார்கள். காரணம், ஏடிஇ தனி முக்கோணமாகக் கண்ணில் படுவதில்லை; கோட்டில் எழுதியிருக்கும் 2, 4 மட்டுமே தெரிகிறது. இரண்டு முக்கோணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் தனியாக வரையச் சொல்லுங்கள். ஏபி 6 என்று எழுத வேண்டிய கட்டாயம் வரும், விடை 3 தானாக விழும். ஐந்தாறு கணக்குக்குப் பிறகு தனிப்படத்தை நிறுத்தி, கலர் பென்சிலால் சுற்றி வரைந்தால் போதும். பிறகு அதுவும் வேண்டாம். படத்தை நீங்களே போட்டுக் கொடுத்தால் பரீட்சையில் முழிப்பான். களச் சார்பு என்பது கற்கும் பாணியே அல்ல, படத்தைப் பிரித்துப் பார்ப்பது பழகினால் வரும் திறன்தான் என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

அடுத்தது அவசரம். 400 ரூபாய்ச் சட்டை விலையை 10% ஏற்றி, பிறகு 10% குறைத்தால்? 'அதே 400' என்று பட்டென்று வரும். 440-இல் 44 போய் 396. 'நிதானமாப் போடு' என்று சொன்னால் நேரம்தான் கூடும், தப்பு குறையாது. 'எதில் 10%?' என்று ஒவ்வொரு வரிக்கும் எழுத வையுங்கள். மிக நிதானமான பிள்ளைக்குத் தொல்லை நேர்மாறு: கடைசிக் கேள்விகள் தொடாமலே கிடக்கும். எஸ்எஸ்எல்சியில் எழுதத் தொடங்கும் முன் கேள்வித்தாளைப் படிக்கத் தரும் 15 நிமிடக் கூல் ஆஃப் நேரத்தில் எதை முதலில் போடுவது என்று முடிவுசெய்யப் பழக்குங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சோதியுங்கள். பள்ளியில் தமிழ், டியூஷனில் மலையாளம் என்றால் கோளாறு மொழியிலும் இருக்கலாம். ஒரே கணக்கை இன்று வெறும் எண்ணாகவும், இரண்டு நாள் கழித்து வாக்கியக் கணக்காகவும் கொடுங்கள். இரண்டாவதில் மட்டும் தடுமாறினால் மேலே சொன்ன எதுவும் தேவையில்லை. கேள்வியைத் தமிழில் வாய்விட்டுப் படித்து, 'என்ன கேட்டிருக்கு?' என்று சொல்ல வையுங்கள்.