கூரையைப் பிரிக்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

மண் சுவர், கீற்றுக் கூரை வீடு எங்களுடையது. கஜா புயலில் கீற்று பறந்தபோது அடுப்படிக்கு மட்டும் தகரம் போட்டோம். அதைக் காட்டி, ‘கனவு இல்லம்’ பட்டியலில் பெயரை விட்டுவிட்டார்கள். ஆணை கிடைத்த பக்கத்து வீட்டிலோ, இனி திண்ணையே வைக்க முடியாது என்கிறார்கள். இதெல்லாம் சரிதானா?
– வாசகி, நீடாமங்கலம்

முதல் விஷயம், துரதிர்ஷ்டவசமாக, சரிதான். 2024-ல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் முழுக் குடிசைகளுக்கான திட்டம். ஒரு பகுதி ஓடோ தகரமோ இருந்தால் தகுதி போய்விடும். புயலுக்குப் பயந்து முன்யோசனையோடு தகரம் போட்டவர் வெளியே, ஒழுகும் கீற்றை அப்படியே விட்டவர் உள்ளே! டெல்டாவில் பல வீடுகளின் கூரை இன்னும் மாறாமல் இருப்பதற்கு வறுமை மட்டும் காரணமில்லை, இந்த விதியும் ஒரு காரணம். மத்திய அரசின் வீட்டுத் திட்டத்தில் சுவர், கூரை இரண்டையும் பார்ப்பார்கள், அறைகள் இரண்டுக்குள் இருக்க வேண்டும். மண் சுவரைச் சொல்லி அதில் சேர்க்கும்படி கிராம சபையில் எழுதிக் கொடுத்து, மனு நகலில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆறு சபைகள் உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

திண்ணை விஷயத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். கனவு இல்லத் திட்டத்தில் வீடு 360 சதுர அடி. அதில் 300 கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும். மீதி 60-க்கு, தீப்பிடிக்காத சாய்வுக் கூரை எதையும் போடலாம். இந்த 60-ஐ வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட அடுப்படியாக்கித் தொலைப்பதுதான் வழக்கம். வாசலில் 10 அடிக்கு 6 அடி தாழ்வாரமாக எடுத்தால் திண்ணையும் கிடைக்கும், முன்சுவரில் வெயிலும் சாரலும் அடிக்காது.

அதற்குச் சீமை ஓடு நூறிலிருந்து நூற்றுப்பத்து போதும். ஆறடி அகலத்துக்கு மூன்றடிக்குக் கிட்டத்தட்ட சாய்வு வேண்டும். தலை இடிக்காமல் இருக்கவென்று ஒன்றரை அடியில் நிறுத்தினால், ஐப்பசிக் காற்றில் மழை ஓட்டுக்கு அடியில் மேலேறி உள்ளே ஒழுகும். ஓடும் சுவரும் சேரும் இடம் அடுத்த பலவீனம். தளம் போடும்போதே அந்தப் பக்கம் ஓரடி சன்ஷேடு நீட்டிவிட்டு, அதன் அடியில் ஓட்டின் தலையைச் செருகச் சொல்லுங்கள். பிறகு சிமென்ட் பூசி அடைப்பது இரண்டு மழைக்குக்கூடத் தாங்காது.

பணத்தில் சறுக்குவது வேறு இடத்தில். மொத்தம் 3.50 லட்சம், நூறு நாள் வேலைக் கூலியும் கழிப்பறைத் தொகையும் அதற்குள் அடக்கம். வேலை முடிய முடியத்தான், நிலை நிலையாகப் பில் வரும். ஒன்றிய அலுவலகத்தில் சிமென்ட், கம்பி எடுத்தால் அதுவும் பில்லில் கழியும். ‘கட்டுவதே கட்டுகிறோம்’ என்று 500 சதுர அடிக்கு அஸ்திவாரம் தோண்டியவர்களின் சுவர்கள் லிண்டலோடு (கதவு, ஜன்னலுக்கு மேலே போடும் கான்கிரீட் உத்தரம்) நின்று, மேலே வேலிக்கொடி படர்கிறது. 300 சதுர அடித் தளத்தை நாலரை அங்குலத்தில் போட்டாலே சுமார் 112 கன அடி கான்கிரீட், இருபத்தைந்து இருபத்தாறு மூட்டை சிமென்ட் ஆகும். அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு லிண்டலைத் தாண்டுங்கள்.

நம் களிமண் மழையில் உப்பும், சித்திரையில் வெடிக்கும். அஸ்திவாரப் பள்ளத்தில் மணலைக் கொட்டி அப்படியே மூடாமல், அரையடிக்கு அரையடி தண்ணீர் விட்டு இறுக்க வேண்டும். தரைமட்டத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட்டும் அவசியம். அதை மிச்சம் பிடித்தால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும்.

தாராசுரத்தில், கோயிலுக்கு எண்பது மீட்டர் தூரத்தில் பழைய ஓட்டு வீடு. இடித்துவிட்டு மாடி வீடு கட்டலாமா?
– வாசகர், கும்பகோணம்

கட்ட முடியாது. தொல்லியல் துறைப் பாதுகாப்பிலுள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. 2010 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தடைப் பகுதியில் புதுக் கட்டடத்துக்கு இடமில்லை. உங்கள் வீடு 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்ததாக நிரூபித்தால், பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்கலாம். பழைய வரி ரசீது, மின் இணைப்புச் சான்று, கிரயப் பத்திரம் எல்லாவற்றையும் இடிப்பதற்கு முன்பே திரட்டுங்கள். நாலு பக்கமும் தேதியோடு புகைப்படம் எடுங்கள். முதலில் சுவரை இறக்கிவிட்டு அப்புறம் மனுப் போடுகிறவருக்கு, பழுதுபார்க்க வீடே இருக்காது.

கோயில் அடிமனையில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், திருவிடைமருதூர்

வீடு உங்களுடையதாக இருக்கலாம், மனை கோயிலுடையது. அறநிலையத் துறைச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையர் ஒப்புதல் இல்லாவிட்டால் அது செல்லாது. பட்டாவும் இல்லாததால் அரசு வீட்டுத் திட்டமும் வங்கிக் கடனும் கைக்கு வராது. அடிமனைத் தெருக்களில் ஓடும் பனங்கையும் இன்னும் இருப்பது ரசனையால் அல்ல.

ரசீது தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றம். அடுத்து வாடகைப் பாக்கியைக் கட்டுங்கள். அதன்பிறகுதான் அளவுகளோடு வரைபடம் வைத்துச் செயல் அலுவலரிடம் மனு. வாய்மொழியாகக் ‘கட்டிக்குங்க’ என்று சொன்னதை நம்பி இறங்காதீர்கள். வீட்டு வரி ரசீதும் மனைக்கு உரிமைச் சான்று ஆகாது.

ஒன்று கவனியுங்கள். களிமண் சாந்தில் எழுப்பிய பழைய சுவர் கான்கிரீட் தளத்தின் பாரத்தைச் சுமக்காது. அனுமதி கிடைத்தாலும் தூண் எழுப்பித்தான் தளம் போட வேண்டும்.

குடிசை மின் இணைப்பு வைத்திருக்கிறோம். சொந்தச் செலவில் தளம் போட்டால் அது தொடருமா?
– வாசகி, பேராவூரணி

தொடராது. 250 சதுர அடிக்குள், மண் சுவரும் கீற்று, ஓடு அல்லது ஷீட் கூரையும் உள்ள வீட்டுக்கே அது. நீங்களே மனுக் கொடுத்து வீட்டு இணைப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அதிலும் உண்டு.

தெருவில் ரோடு போட்டுப் போட்டு, எங்கள் திண்ணையே ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. மழைத் தண்ணீர் ரேழிவரை வருகிறது.
– வாசகர், மயிலாடுதுறை

பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். ரோடு போட்டபின் அதைச் சொல்லிப் பயனில்லை. வேலைக்கு மதிப்பீடு போடும் முன், உங்கள் வாசற்படிக்கும் ரோட்டுக்கும் உள்ள உயரத்தை டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய குழாயில் மட்டம் பார்ப்பது) அளந்து மனுவில் எழுதுங்கள்.

உள்ளே ஈரம் ஏறிய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, உப்புப் பூத்துப் பொரியும். பொரிந்ததைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டுச் சுண்ணாம்பிலேயே பூசுங்கள்.