சூறாவளிக்குப் பிறகு வான்படத்தில் வீட்டைத் தேடுபவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: தம்பி குடும்பம் புளோரிடா கடலோரத்தில் இருக்கிறது. புயலுக்கு முன்பே வெளியேறிவிட்டார்கள், திரும்பிப் போக இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. வீடு நிற்கிறதா என்று படத்தில் பார்க்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். பெரிய சூறாவளி கரையைக் கடந்ததும் அமெரிக்க அரசின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா (NOAA) சிறு விமானங்களை அனுப்பிக் கடலோரத்தைப் படம் எடுக்கிறது. வானம் தெளிந்துவிட்டால் சீக்கிரமே அவை இணைய வரைபடத்தில் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். 2022இல் இயன் சூறாவளி அடித்தபோது, புளோரிடாவின் சானிபெல் தீவுக்குப் போகும் பாலச்சாலை பல இடங்களில் அறுந்து கிடந்ததை வான்படங்களில் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. விமானம் பறக்காத இடங்களில் அடியில் இருக்கும் பழைய படமே தெரியும். அதைப் பார்த்துவிட்டு "வீடு பத்திரம்" என்று குடும்பத்துக்குச் சொல்லிவிடாதீர்கள். புயலுக்குப் பிந்தைய படத்தை அணைத்து அணைத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே கார் ஒரே இடத்தில் ஒரே நிழலோடு நின்றால் நீங்கள் பார்ப்பது பழைய படம்.

கேள்வி: பார்த்தேன் ஐயா. புதிய படம்தான், கூரை முழுசாக இருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பாதி நிம்மதி. நேர் மேலிருந்து எடுத்த படம் கூரையைத்தான் காட்டும், சுவரைக் காட்டாது. 2017இல் ஹார்வி சூறாவளி வந்தபோது டெக்சாஸின் ஹூஸ்டன் பகுதியில் ஏராளமான வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மேலிருந்து பார்த்தால் அவற்றின் கூரைகளில் ஒரு குறையும் தெரியாது. உள்ளே சுவர், தரை, மின்கம்பி எல்லாம் நனைந்திருக்கும்.

அதனால் வீட்டை விட்டுவிட்டுச் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். புல், மரத்துண்டு, குப்பை எல்லாம் ஒரு கோடு போல ஒதுங்கிக் கிடக்கிறதா? கடல்நீர் அங்கே வரையாவது வந்திருக்கிறது. அந்தக் கோடு வீட்டைத் தாண்டி உள்ளே கிடந்தால் வீட்டுக்குள்ளும் தண்ணீர் போயிருக்க வாய்ப்பு அதிகம். சாலையில் மணல் படிந்திருக்கிறதா, யார் வீட்டு முற்றத்திலாவது படகு கிடக்கிறதா என்றும் பாருங்கள். சில நாள் கழித்து எடுத்த படம் கிடைத்தால் அதுதான் பொக்கிஷம்: தெருவோரம் வீட்டுக்கு வீடு சோபாவும் மெத்தையும் குவிந்து கிடந்தால், அந்தத் தெரு முழுக்க உள்ளே நனைந்திருக்கிறது.

கேள்வி: கூரையில் திட்டுத்திட்டாகக் கறுப்பு தெரிகிறது. என்ன அர்த்தம்?

பதில்: முதலில் பழைய படத்தில் அந்தத் திட்டு இருந்ததா என்று பாருங்கள். மரநிழலும் பாசியும் ஏமாற்றும். புதிதாக வந்தது என்றால், மேலே வேய்ந்த ஷிங்கிள் என்ற கூரைத் துண்டுகள் பிய்ந்து அடியில் உள்ள தாள் தெரிகிறது என்று கொள்ளலாம். வெளிர் மஞ்சளாக இருந்தால் தாளும் போய்ப் பிளைவுட் பலகை தெரிகிறது. இருட்டான பள்ளமும் குறுக்கே சட்டங்களும் தெரிந்தால் பலகையே போய்விட்டது, மழை நேராக உள்ளே இறங்கும். நீலத் தார்ப்பாய் போட்டிருந்தால் சேதம் உண்டு என்பது உறுதி, ஆனால் எவ்வளவு என்பதைத் தார்ப்பாய் மறைத்துவிடும்.

கேள்வி: முழுசாக இடிந்த வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம்தானே?

பதில்: அங்கேதான் பலர் தவறுகிறார்கள். 2018இல் மைக்கேல் சூறாவளி தாக்கிய, புளோரிடாவில் உள்ள மெக்சிகோ பீச் என்ற ஊரில் பல வீடுகளைக் கடல் துடைத்து எடுத்துவிட்டது, கான்கிரீட் தளம் மட்டும் மிஞ்சியது. மேலிருந்து பார்த்தால் அந்தத் தளம் வெள்ளைத் தட்டைக்கூரை போலவே இருக்கும். நிழலைப் பாருங்கள். நிற்கிற வீட்டுக்கு ஒரு பக்கம் நிழல் விழும். தளத்துக்கு நிழலே இருக்காது.

கேள்வி: செயற்கைக்கோள் படம் போதாதா?

பதில்: மேகம் இருந்தால் சாதாரணப் படம் வீண். ரேடார் செயற்கைக்கோள் மேகத்தையும் இரவையும் தாண்டித் திறந்தவெளி வெள்ளத்தைக் காட்டும். நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே அது தடுமாறும். ஒரு வீட்டின் கூரையைப் படிக்க விமானப் படமே வசதி.

கேள்வி: இதையெல்லாம் ஏஐ செய்துவிடாதா?

பதில்: ஓரளவு செய்கிறது. ஏஐக்குச் சேதத்தை அடையாளம் காணக் கற்றுத்தர 2019இல் வெளியான எக்ஸ்பிடி (xBD) என்ற படத் தொகுப்பில் எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள், பேரிடருக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களில் குறிக்கப்பட்டிருக்கின்றன. சேதமே இல்லாதது, தரைமட்டமானது, இந்த இரண்டு முனையிலும் இயந்திரம் நன்றாகத் தேறும். சிறு சேதமா பெரிய சேதமா என்பதில்தான் குழம்பும். எங்கே முதலில் ஆள் அனுப்புவது என்று முடிவெடுக்க அது உதவும். ஒரு குடும்பத்தின் நிவாரணத்தை அதை மட்டும் நம்பி மறுப்பது அநியாயம்.

கேள்வி: நானே டிரோன் பறக்கவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த நேரத்தில் மீட்பு ஹெலிகாப்டர்கள் தாழ்வாகப் பறக்கும், பல இடங்களில் விமானத் துறை தற்காலிகத் தடையும் போட்டிருக்கும்.

கேள்வி: இன்சூரன்ஸுக்கு வான்படம் செல்லுமா?

பதில்: துணை ஆதாரமாகச் சேருங்கள். புயலுக்கு முன், பின் இரண்டு படத்தையும் தேதியோடு சேமித்து வையுங்கள். தம்பி வீட்டுக்குள் போனதும், எதையும் வெளியே தூக்கிப்போடும் முன், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளவுநாடா வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். எந்த விமானத்திலிருந்தும் அது தெரியாது.