3 பிங்குக்குப் பதில் வருகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது: ஃப்ரீஆர்டிஓஎஸ் திட்டத்தில் ஈதர்நெட்டைச் சேர்க்கும்போது

கேள்வி: நியூக்ளியோ எச்743 மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் ஃப்ரீஆர்டிஓஎஸ் (பல டாஸ்க்குகளை நேரம் பிரித்து ஓட்டும் சிறிய இயங்குதளம்) வைத்து ஒரு மோட்டார் கட்டுப்பாட்டு நிரல் எழுதியிருக்கிறேன். பல மாதமாகப் பிழையில்லாமல் ஓடுகிறது. இப்போது அளவீடுகளை நெட்வொர்க் வழியாக அனுப்ப, லைட்வெயிட் ஐபி என்ற நெட்வொர்க் நூலகத்தைச் சேர்த்தேன். கேபிளைச் செருகினால் பச்சை விளக்கு எரிகிறது. லேப்டாப்பிலிருந்து பிங் செய்தால் முதல் 2, 3 முறை பதில் வருகிறது, பிறகு ஒன்றும் இல்லை. மோட்டார் டாஸ்க் மட்டும் வழக்கம்போல ஓடுகிறது. எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

பதில்: நீங்கள் சொன்னதிலேயே நல்ல துப்பு இருக்கிறது. 3 பிங், அதற்கு முன்னால் முகவரி கேட்டு வந்த ஒரு ஏஆர்பி, ஆக 4 பேக்கெட். சில்லு தயாரிப்பாளர் தரும் ஹால் டிரைவரில் பெறும் டிஸ்கிரிப்டர்களின் (வரும் பேக்கெட்டை எந்த பஃபரில் வைப்பது என்று சொல்லும் சிறு பதிவுகள்) எண்ணிக்கையும் பெரும்பாலும் 4தான். அதாவது, ஒவ்வொரு டிஸ்கிரிப்டரும் ஒருமுறை பயன்பட்டுவிட்டது, ஒன்றுகூட டிஎம்ஏவின் (ப்ராசசர் இல்லாமலே மெமரியில் படித்து எழுதும் வன்பொருள்) கைக்குத் திரும்பிப் போகவில்லை. நிரல் திருப்பிக் கொடுத்துவிட்டதாகத்தான் நினைக்கிறது. ஆனால் அது எழுதிய பிட் டி-கேச்சுக்குள்ளேயே (ப்ராசசருக்கும் மெமரிக்கும் நடுவிலுள்ள வேகமான தற்காலிக நினைவகம்) தங்கிவிட்டது. டிஎம்ஏ கேச்சைப் பார்ப்பதில்லை, மெமரியை மட்டுமே பார்க்கும்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை. டி-கேச்சை இயக்கும் வரியை கமென்ட் செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிங் நிற்காமல் ஓடினால் காரணம் இதுதான். ஆனால் தயவுசெய்து அப்படியே விட்டுவிடாதீர்கள். உங்கள் மோட்டார் கணக்குகளுக்கு அந்த கேச் வேண்டும்.

நிரந்தரத் தீர்வு, நெட்வொர்க்குக்கென்று ஒரு மெமரிப் பகுதியை ஒதுக்குவது. இந்தச் சில்லில் ரேம் ஒரே துண்டாக இல்லை. ஹெக்ஸ் 2000 0000 என்ற முகவரியில் தொடங்கும் 128 கேபி டிடிசிஎம் என்ற பகுதி மிக வேகமானது, ஆனால் ஈதர்நெட் டிஎம்ஏவால் அதைத் தொடவே முடியாது. அங்கே பஃபரை வைத்தால் ஒரு பேக்கெட்கூட வராது. ஹெக்ஸ் 3004 0000இல் 32 கேபி எஸ்ரேம்3 இருக்கிறது. அளவாக வைத்தால் அது போதும். டிஸ்கிரிப்டர்கள், பெறும் பஃபர்கள், லைட்வெயிட் ஐபியின் ஹீப் (தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் மெமரி) மூன்றையும் லிங்கர் ஸ்கிரிப்டில் (எது எந்த முகவரியில் என்று சொல்லும் கோப்பு) அங்கே வையுங்கள். ஹீப்பைப் பலர் மறந்துவிடுவார்கள். வெளியே போகும் பேக்கெட் அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. 1536 பைட் பஃபர் 12 வைத்தாலும் 18 கேபிதான். மீதியில் 10 கேபி ஹீப்புக்குத் தரலாம்.

அப்புறம் அந்த 32 கேபியையும் எம்பியுவில் (மெமரிப் பகுதிகளின் விதிகளைக் குறிக்கும் அலகு) 'நார்மல், நான்-கேச்சபிள்' என்று குறியுங்கள். டி-கேச்சை இயக்குவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். எஸ்ரேம்3இன் கிளாக்கையும் முதலில் இயக்கிவிடுங்கள். கேச்சை அவ்வப்போது கிளீன் செய்தால் (அதில் இருப்பதை மெமரிக்கு எழுதினால்) போதாதா என்று கேட்பீர்கள். அனுப்பும் பஃபருக்கு அது சரி, பெறும் பஃபருக்கு இன்வாலிடேட் (கேச்சில் உள்ள பழைய நகலைத் தூக்கி எறிவது) செய்ய வேண்டும். டிஸ்கிரிப்டர் 16 பைட், கேச்சின் ஒரு வரி 32 பைட். ஒரே வரியில் இரண்டு டிஸ்கிரிப்டர் உட்கார்ந்திருக்கும்போது, ஒன்றை கிளீன் செய்தால் பக்கத்தில் டிஎம்ஏ அப்போதுதான் எழுதியது அழிந்து போகும். இந்தப் பிழை வாரத்துக்கு ஒருமுறை தலைகாட்டும், டிபக்கரில் பிடிபடாது. நான் ஒருமுறை இதில் மூன்று நாள் தொலைத்திருக்கிறேன்.

பிங் ஓடியதும் 1472 பைட் அளவில் ஒருமுறை செய்து பாருங்கள். தலைப்புகள் சேர்ந்து சரியாக 1500 வரும். சின்ன பிங் ஓடி, பெரியது மட்டும் விழுந்தால் பஃபர் அளவிலோ அதன் இடத்திலோ கோளாறு.

இன்டரப்ட் முன்னுரிமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோர்டெக்ஸ்-எம்மில் எண் குறைந்தால் முன்னுரிமை அதிகம். ஃப்ரீஆர்டிஓஎஸ் ஃபங்ஷன்களை அழைக்கும் இன்டரப்ட்களுக்கான எல்லை அதன் அமைப்புக் கோப்பில் வழக்கமாக 5 என்று இருக்கும். ஈதர்நெட் இன்டரப்ட் செமஃபோரை (காத்திருக்கும் டாஸ்க்கை எழுப்பும் சைகை) கொடுப்பதால் அதன் எண் 5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அசர்ட் என்ற சரிபார்ப்பை இயக்கி வைத்திருந்தால் தவறை அதுவே காட்டிக் கொடுக்கும்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் அடுத்து மாட்டப்போகிற இடம். லைட்வெயிட் ஐபியின் உள்ளே ஒரே ஒரு டாஸ்க்தான் டிசிபி வேலைகளைப் பார்க்கிறது. அதன் ரா ஃபங்ஷன்களை (பூட்டு இல்லாத அடிநிலை அழைப்புகள்) உங்கள் மோட்டார் டாஸ்க்கிலிருந்து நேரடியாக அழைக்காதீர்கள். மேசைமேல் ஓடும், களத்தில் செத்துப்போகும். சாக்கெட் வழியாகப் போங்கள். அதையும் மோட்டார் டாஸ்க்கில் வைக்க வேண்டாம். எதிர்முனை கேபிளைப் பிடுங்கினால் டிசிபி பல முறை மறுபடி அனுப்பிப் பார்க்கும். அதற்குள் அனுப்பும் பஃபர் நிரம்பினால் அழைப்பு அங்கேயே நிற்கும். அந்த நேரத்தில் மோட்டாரை யார் பார்ப்பது?

எனவே நடுவில் ஒரு கியூ வையுங்கள். மோட்டார் டாஸ்க் காத்திருப்பு நேரம் 0 என்று கொடுத்து அதில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கட்டும். கியூ நிரம்பியிருந்தால் அந்த அளவீடு போகட்டும், விட்டுப்போனவற்றை எண்ண ஒரு கவுன்ட்டர் மட்டும் வையுங்கள். மோட்டார் டாஸ்க்கைவிட முன்னுரிமை குறைந்த ஒரு டாஸ்க் கியூவிலிருந்து எடுத்து அனுப்பட்டும். லைட்வெயிட் ஐபியின் டாஸ்க்கும் ஈதர்நெட் பெறும் டாஸ்க்கும்கூட மோட்டாருக்குக் கீழேதான் இருக்க வேண்டும். சாக்கெட்டுக்கு அனுப்பும் டைம்அவுட் கொடுக்க மறக்காதீர்கள். இந்த வசதி லைட்வெயிட் ஐபியின் அமைப்புக் கோப்பில் இயல்பாக அணைந்தே இருக்கும், நீங்கள்தான் இயக்க வேண்டும். அதே கோப்பில் டிசிபியின் எம்எஸ்எஸ் (ஒரு பேக்கெட்டில் போகும் அதிகபட்ச டேட்டா, பைட்டில்) 536 என்று இருந்தால் 1460 ஆக்குங்கள். அதோடு சேர்த்து அனுப்பும் பஃபரின் அளவையும் ஹீப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் முடிந்ததும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி செருகுங்கள். ஆசிலோஸ்கோப்பில் கட்டுப்பாட்டுச் சுழற்சியின் துடிப்பு இடம் மாறாமல் இருக்கிறதா, அளவீடுகள் தானாக மறுபடி வரத் தொடங்குகின்றனவா என்று பாருங்கள். இரண்டில் எது தவறினாலும், அந்த நேரத்தில் எந்த டாஸ்க் எதற்காகக் காத்திருந்தது என்று குறித்து எழுதுங்கள், அங்கிருந்து தொடர்வோம்.