‘கிஃப்ட்’ என்று எழுதினால் விட்டுவிடுவார்களா?

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பார்சல் அனுப்பினேன். துணிகள், இரண்டு புத்தகங்கள், பேத்திக்கு ஒரு பொம்மை. படிவத்தில் ‘கிஃப்ட்’ என்று எழுதி, மதிப்பு பூஜ்யம் என்று போட்டேன். இரண்டு மாதம் கழித்து அப்படியே திரும்பி வந்துவிட்டது. பரிசுக்குமா சுங்கம்?
– ஒரு வாசகி

அம்மா, பார்சல் கவுண்டரில் 26 வருடம் உட்கார்ந்தவன் நான். ‘உள்ளே என்ன?’ என்ற கட்டத்தில் ‘பேத்திக்கு’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கேட்டால், “அவளுக்குத்தானே போகுது!” என்பார்கள். அந்தக் கட்டம் யாருக்கு என்று கேட்கவில்லை, என்ன என்று கேட்கிறது.

‘கிஃப்ட்’ என்பது அனுப்பும் காரணம். அதற்குத் தனியாக ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் டிக் போட்டால் போதும். பொருள் விவரத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில் எழுத வேண்டும். ‘துணி’ என்றால் போதாது. ‘பெண்கள் பருத்தி டி-ஷர்ட், 3’ என்று எழுதுங்கள். பக்கத்திலேயே அதன் எடை, மதிப்பு, எந்த நாட்டில் தயாரானது என்பதும் வேண்டும். ஆறு இலக்க எச்.எஸ். எண்ணும் தெரிந்தால் வேலை சுலபம். உலகம் முழுக்கச் சுங்கக்காரர்களுக்குப் பொதுவான எண் அது. பருத்தியில் பின்னிய டி-ஷர்ட்டுக்கு 6109.10. எந்த மொழிக்காரர் பார்த்தாலும் டி-ஷர்ட்தான். அச்சிட்ட புத்தகங்கள் 4901 என்ற தலைப்பிலும், பொம்மைகள் 9503லும் வரும்.

இப்போதெல்லாம் நீங்கள் எழுதுவது காகிதத்தோடு நிற்பதில்லை. கவுண்டரில் அதைக் கணினியில் ஏற்றி, பார்சல் போய்ச் சேரும் முன்பே அந்த நாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 2021 தொடக்கத்திலிருந்து, உள்ளே பொருள் இருக்கும் தபாலுக்கு உலகத் தபால் ஒன்றியத்தின் விதியே இதுதான். பெட்டியைத் திறக்காமலே ‘கிஃப்ட், பூஜ்யம்’ என்ற வரியைப் பார்த்து ஒருவர் முடிவெடுக்கிறார். காசு வாங்காமல் கொடுத்தாலும் பொருளுக்கு ஒரு விலை உண்டு. பழைய துணியாக இருந்தால் ‘பயன்படுத்தியது’ என்று குறிப்பிட்டு, இன்று விற்றால் என்ன கிடைக்குமோ அதைப் போடுங்கள்.

பரிசுக்குச் சலுகை உண்டுதான், அதற்கு ஒரு வரம்பும் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசுக்கு 45 யூரோ வரை வரி இல்லை. பிரிட்டனில் 39 பவுண்டு. அமெரிக்காவில் 800 டாலர் வரை தீர்வை இல்லை என்று இருந்த வசதி 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுப் பார்சலுக்கும் நின்றுவிட்டது. போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பினாரே என்று அதே கணக்கில் அனுப்பாதீர்கள்.

திரும்பி வந்ததே நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்க முடியாவிட்டால் திருப்பி அனுப்புவதா, கைவிடுவதா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். ‘கைவிடுக’ என்பதில் டிக் விழுந்திருந்தால் பொம்மை போனது போனதுதான்.

பவர் பேங்க், பேட்டரி போட்ட பொம்மை, சென்ட் பாட்டில் மூன்றையும் ஒரே பெட்டியில் அனுப்பலாமா?
– கல்லூரி மாணவர்

பொம்மையை மட்டும் அனுப்பலாம் தம்பி, அதுவும் நம் தபால் துறையும் போய்ச் சேரும் நாடும் ஒத்துக்கொண்டால். லித்தியம் பேட்டரி கருவிக்குள்ளேயே பொருத்தி இருக்க வேண்டும். ஒரு பார்சலில் இரண்டு பேட்டரிக்கு மேல் கூடாது. உதிரி பேட்டரிக்கு விமானத் தபாலில் இடமே இல்லை. பவர் பேங்கும் அந்தக் கணக்குத்தான், அதுவே ஒரு பேட்டரி. சென்ட்டில் இருக்கும் ஆல்கஹால் தீப்பிடிக்கும், நெயில் பாலிஷும் அப்படியே. ஸ்ப்ரே டப்பாவும் கூடாது. படிவத்தின் அடியில் நீங்கள் போடும் கையெழுத்து, உள்ளே ஆபத்தான பொருள் இல்லை என்ற உறுதிமொழி. துணிக்கு நடுவே ஒளித்து வைத்தால் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

மதிப்பைக் குறைத்துப் போட்டால் வரி குறையும் என்கிறார்களே?
– ஒரு வாசகர்

குறையலாம். பார்சல் தொலைந்தால் நஷ்டஈடும் நீங்கள் போட்ட மதிப்பைத் தாண்டாது. பொய் என்று பிடிபட்டால் பெறுபவர் தலையில் அபராதம் விழலாம். வரியும் பெரும்பாலும் அவர்தான் கட்ட வேண்டும், நீங்கள் கவுண்டரில் கட்டுவது பொதுவாகத் தபால் கட்டணம் மட்டுமே. அதனால் அவருடைய போன் நம்பரை மறக்காமல் எழுதுங்கள். வரி கட்டச் சொல்லி அவரை அழைக்க வழி இல்லாமல் திரும்பிய பார்சல்கள் எத்தனையோ.

சிஎன் 22, சிஎன் 23 என்று இரண்டு சுங்கப் படிவம். எது எனக்கு?
– வாசகி

2 கிலோவுக்குள் இருக்கும் சின்னப் பொட்டலம், மதிப்பு 300 எஸ்.டி.ஆருக்குள் என்றால் 22. அதற்கு மேல் போனாலும், பார்சலாக அனுப்பினாலும் 23. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு, உங்கள் பணத்தில் எவ்வளவு என்று கவுண்டரில் சொல்வார்கள்.

ரசீதில் உள்ள நம்பரை வைத்து அங்கே இருப்பவரும் தேடலாமா?
– ஒரு வாசகர்

தேடலாம். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டெழுத்து, ஆக 13. அதையே அவர் தன் நாட்டுத் தபால் துறைத் தளத்தில் போட்டால் போதும். சுங்கத்தில் நிற்கிறதா என்பது அங்கேதான் சீக்கிரம் தெரியும்.